11. கைகளுக்கு முதல் வரிசை

ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் வைத்து எடுத்தால் பெரியவள். காதுமடலை இழுத்துவிட்டால் சின்னவள். பிறவியிலேயே செவி கேளாத தந்தை தம் மக்கள் இருவருக்கும் இட்ட பெயர்கள் இவை. பள்ளியில் பதிந்த பெயர்கள் ஊருக்கு, இவை வீட்டுக்கு.

இந்த எட்டு மாதமாக அப்பாவின் விரல் கன்னத்தின் பக்கம் போகவில்லை.

காரணத்தை வாசகர்கள் அறிவார்கள். பெரியவள் பள்ளி இறுதி வகுப்பில் இருந்த காலத்தில், மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டும் மேடைக்கு அப்பாவைத் தலைவராக்க நிர்வாகம் எண்ணியது. கேட்டுச் சொல்லும்படி மகளை அழைத்தது. "செய்யறேன்" என்றன அப்பாவின் கைகள். "அவருக்கு வேணாமாம்" என்றது மகளின் வாய். நாலு பேர் அவரை ஏளனம் செய்வார்களே என்ற அச்சம் அவளுக்கு. தாயில்லாத வீட்டில் அவரைத் தன் சிறகுக்குள் வைத்துக் காக்க நினைத்த அறியாமை அது. வந்த பதவியை வேண்டாம் என்றவராயிற்றே என்று பழைய கூட்டாளி ஒருவர் கையாட்டிக் கேலி செய்தபோதுதான், இத்தனை ஆண்டுகள் கழித்து, அப்பாவுக்கு அது தெரிந்தது.

சென்ற வாரம் ஒரு காலையில் அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். விரல் தயங்கித் தயங்கிக் கன்னத்துக்குச் சென்றது.

"பேசறேன்னு சொல்லு."

அவ்வளவே. வேறு ஊரில் கணவன் வீட்டில் இருந்த பெரியவளுக்குச் சின்னவள் செய்தி சொன்னாள். நாள் குறித்தார்கள். பிற்பகல் இடைவேளையில் கிடங்கிலிருந்தே அப்பா அழைப்பார். முகம் பார்த்து, கை பார்த்துப் பேசுவார்கள்.

அந்த நாள் இன்று.

*

சின்னவளும் இன்று அதே கிடங்கில்தான் இருந்தாள். கிடங்குக்கு வைஃபையை ஆளும் புதிய கம்பியில்லா ஸ்விட்ச் அமைக்கும் பணி அவளுடைய நிறுவனத்துக்கு வந்தது. நிறுவனம் அவளை அனுப்பியது. மூன்று நாளாக, பெட்டி கட்டும் மேடையை ஒட்டிய கண்ணாடி அறைக்குள், விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவே நின்றுகொண்டே வேலை. நாற்காலி கேட்டாள், வருகிறது என்றார்கள். அது இன்னும் வந்துகொண்டே இருந்தது. கண்ணிமைகளில் மணல் கட்டியதுபோல் இருந்தது அவளுக்கு.

கிடங்கின் தூண்களில் தொங்கும் வைஃபை பெட்டிகள் யாவும் இந்த ஒரு கருவியில் வந்து கூடும். உள்ளே வரத் தக்கவர் யார், தகாதவர் யார் என்று பார்ப்பது இது. வந்தவருள் முந்திச் செல்பவர் யார், காத்து நிற்பவர் யார் என்று வகுப்பதும் இதுவே. பழைய அரண்மனையின் வாயிற்காப்போனும், அவையில் இடம் காட்டும் கட்டியக்காரனும் ஓர் உருவில் வந்தாற்போல.

இதுவரை காவல் இல்லாத வாசலாகக் கிடந்தது கிடங்கின் வைஃபை. லாரிகள் ஏற்றுமதிக்கு நிற்கும் நேரத்தில், எவரெவரோ கேட்கும் பாட்டும் பார்க்கும் பந்தாட்டமும் வழியை அடைத்துக்கொள்ள, மருந்துப் பெட்டியைப் படிக்கும் ஸ்கேனர்கள் விக்கி நின்றன. மேற்பார்வையாளர்களின் வைஃபை போனில் பாதிச் சொல் வரும். மீதிச் சொல் வராது.

"ஏம்மா, என் டேப்லெட்ட மொதல்ல விட்டுடும்மா" என்று வாசலில் நின்றபடி கேட்டார் ஏற்றுமதி மேற்பார்வையாளர். குரலை வைத்துக் கிடங்கு அவருக்கு இட்ட பெயர் 'வெண்கலம்'.

"காலைலேர்ந்து இதைக் கேக்கற அஞ்சாவது ஆள் நீங்க, அண்ணே."

"அவங்களும் நானும் ஒண்ணா? என் டேப்லெட்டே சொல்லுதே, அவசரம்னு. பாரு, செவப்பா எழுதிருக்கு."

"எல்லாக் கருவியும் தன்னைத்தானே அவசரம்னுதான் சொல்லிக்கும். அதையெல்லாம் நம்பாதேன்னு இதுக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

"மனுஷங்களுக்கும் அப்படி ஒரு பெட்டி இருந்தா எனக்கு ஒண்ணு வாங்கிக் குடு" என்றபடி உள்ளே வந்தார் கிடங்கு மேலாளர். மணிக்கட்டைத் தட்டிக் காட்டுவது அப்பா அவருக்கு இட்ட பெயர். எந்நேரமும் கடிகாரம் பார்ப்பவர், இப்போதும் பார்த்தார். "முடிஞ்சுதா?"

"போட்டுப் பார்க்கப்போறேன், சார்."

"யார் யாரு, எப்படின்னு சொல்லு. எனக்குப் புரியற மாதிரி."

சோர்ந்த குரலில் அவள் சொன்னாள். கிடங்கின் கருவிகளுக்கு மட்டும் அனுமதி. சொந்தக் கைப்பேசிகளுக்கு இல்லை. உள்ளே வந்தவற்றுள் குரல் முதல் வரிசை. ஸ்கேனர் இரண்டாம் வரிசை. மற்றவை மூன்றாவது. அசையும் படம் எதுவாயினும் கடைசி வரிசை. அதற்கும் ஒரு வரம்பு, அதைத் தாண்டினால் தாண்டியது கொட்டிப்போகும்.

"சொந்தப் போன்ல உங்கப்பாவோடது மட்டும் இருக்கட்டும்" என்றார் மேலாளர். "லைட்டு மின்னினாத்தான் மனுஷன் திரும்புவார். இல்லேன்னா அவர் தோளைத் தட்ட நான்தான் ஓடணும்."

"சேர்த்துட்டேன், சார்."

பாடப்புத்தகம் சொல்லும் முறை அது. எத்தனையோ இடங்களில் அவள் கை எழுதிப் பழகிய முறையும் அதுவே. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விரல்கள் அதைத்தான் எழுதும். ஏறத்தாழத் தூக்கத்தில்தான் அவை இன்றும் எழுதின.

விதிகளை நடைமுறைக்கு விட்டாள். சிறிது நேரத்தில் ஸ்கேனர்கள் இடையறாது கூவத் தொடங்கின. வெண்கலத்தின் குரல் கிடங்கின் மறுகோடியிலிருந்து போன் வழியாக வந்தது. போன் இல்லாமலும் வந்தது.

"கணீர்னு இருக்கு சார்."

"அவரு சொல்றது போனையா, தன்னையா?" என்று கேட்டுவிட்டு மேலாளர் முதன்முறையாகச் சிரித்தார். "நல்லா பண்ணிருக்கே. இனிமே கை வைக்காதே. நாலு லாரி நிக்குது."

*

இடைவேளை மணி ஒலித்தது. அதன் விளக்கும் மின்னியது. அப்பா நாடா ஒட்டும் கருவியைக் கீழே வைத்தார்.

தகரக் கூரையும் இரும்புச் சுவருமான அந்தக் கிடங்குக்குள் கைப்பேசிக் கோபுரத்தின் அலை எட்டாது. வைஃபை ஒன்றே வழி. வெளியே நடந்து போய்த் திரும்ப இடைவேளை போதாது.

கண்ணாடிக்கு அப்பால் அவர் செய்ததையெல்லாம் சின்னவள் பார்த்தாள். கைகளைத் துணியில் துடைத்தார். கைப்பேசியின் முகத்தையும் துடைத்தார். இரண்டு நாடாச் சுருள்களை அடுக்கி அதன்மேல் சாய்த்து நிறுத்தினார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். மகளைப் பார்க்கப் போகிற தகப்பன், பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைபோல் இருந்தார்.

திரையில் ஒரு முகம் மலர்ந்தது.

சின்னவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

கையால் பேசும் வீட்டின் முறை அது. அங்கே காதைப் பொத்திக்கொள்வதில் பொருளில்லை. ஒருவர் பேச்சு தனக்கானது அன்று என்றால் முதுகைத் திருப்ப வேண்டும். சிறுமியாக இருந்தபோது அம்மாவும் அப்பாவும் பூசலிட்ட மாலைகளில், அக்காளும் தங்கையும் சுவரைப் பார்த்து அமர்ந்த நினைவு அவளுக்கு உண்டு. அந்த வீட்டுச் சண்டைகளில் வளையல் மட்டுமே சத்தமிட்டது.

ஆண்டவனே, இவர்கள் இருவரும் பேசி முடிக்கட்டும் என்று எண்ணினாள். வேண்டுதலுக்குக்கூட வலுவற்ற களைப்பு.

மரத்தளம் இருமுறை அதிர்ந்தது. அப்பா காலால் தட்டி அழைக்கிறார். அவள் திரும்பினாள். இடைவேளை பாதிகூட ஆகவில்லை.

அப்பாவின் கைகள் சிறிதாகப் பேசின. வருத்தம் மிகுந்தால் அவர் கைகள் மார்பை விட்டு வெளியே வாரா.

"மூஞ்சி அப்படியே நின்னுது. அப்புறம் அணைச்சுட்டா."

"திரும்பக் கூப்பிடுங்கப்பா."

"கூப்பிட்டேன். மறுபடியும் நின்னுது, அணைஞ்சுது. ரெண்டு தடவை." கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். "பாதிப் பேச்சுல முகத்தைத் திருப்பிக்கறது அவளுக்குச் சின்னதுலேர்ந்தே வழக்கம். போதும்."

நாடாச் சுருளை எடுத்து அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டார். முதுகு அவளுக்குக் காட்டப்பட்டது. அந்த வீட்டில் அதற்கு மேல் சொல்ல எவருக்கும் வழியில்லை.

*

சோதித்துப் பார்ப்பதற்காக வைஃபையில் அவள் சேர்த்திருந்த தன் கைப்பேசி அதிர்ந்தது. பெரியவள் குரல் அழைப்பில் வந்தாள்.

"நீயே சொல்லுடி. வரச் சொன்னதும் அவரு, வச்சதும் அவரா? ரெண்டு வார்த்தை சொல்லல. அதுக்குள்ள அப்படியே சிலையா நின்னாரு. ‘அப்பா, அப்பா'ன்னு கையை ஆட்டறேன். போயே போயிட்டாரு."

"அவரு வைக்கலக்கா."

"பின்ன நான் வச்சேனா? எட்டு மாசமா என்ன சொல்லணும்னு கண்ணாடி முன்னாடி நின்னு கையால சொல்லிச் சொல்லிப் பார்த்தவ நான்." அழுகையை அவள் விழுங்கும் ஒலிகூடக் கேட்டது. "இன்னிக்குச் சொல்லியே ஆகணும் எனக்கு. நாளைக்கு முடியாது. ஏன்னு கேக்காதே."

"ஏன்?"

"கேக்காதேன்னுதானே சொன்னேன்."

சின்னவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அக்காளின் மூச்சு, அவள் பின்னால் எங்கோ சொட்டும் குழாய், யாரோ ஒரு கதவைச் சாத்துவது எல்லாம் அடுத்த அறையில் நிகழ்வதுபோல் காதில் விழுந்தன. அந்தக் கிடங்குக்குள் இப்படி ஒரு தெளிவை எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"என்னடி, இருக்கியா? உன் குரல் என்னிக்கும் இவ்வளவு தெளிவா இருந்ததில்லையே" என்றாள் பெரியவள்.

குரல், முதல் வரிசை.

சின்னவள் கருவியின் பக்கம் திரும்பினாள்.

"வைக்கிறேன்க்கா. போனைக் கையிலேயே வச்சிரு."

கருவியின் கணக்கைத் திறந்து பார்த்தாள். கடைசி வரிசையில் கொட்டிப்போனவை மலையாகக் குவிந்திருந்தன. பாதிக்கு மேல் ஒரே கைப்பேசியுடையவை. அவளே உள்ளே வர அனுமதித்து, அவளே கடைசியில் நிறுத்திய கைப்பேசி.

வேறு எந்தப் பொறியாளர் செய்திருந்தாலும் அறியாமை என்று விடலாம். நடக்குமுன் கையால் பேசக் கற்றவள், அம்மா என்ற சொல்லை நாவால் சொல்லுமுன் விரலால் சொன்னவள், அசையும் படம் வெறும் படம் என்று எழுதினாள்.

*

"சொந்தப் போனுக்கு மொத வரிசையா?" மேலாளர் மணிக்கட்டைப் பார்த்தார். "காலைல நீதானே சொன்னே, எல்லாரும் தன்னை அவசரம்னுதான் சொல்வாங்கன்னு."

"அவரு சொல்லல, சார். நான் சொல்றேன்."

"நீ அவரு மக. வெண்கலத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"குரல் மொதல்லன்னு எழுதினேன். உங்க குரல் தொண்டைல இருக்கு. அவரு குரல் கையில இருக்கு. அதைப் படம்னு நெனச்சுக் கடைசில போட்டுட்டேன்." நின்று மூச்சு வாங்கினாள். "அது படம் இல்ல, சார். அவரு பேசறது."

மேலாளர் கண்ணாடி வழியே மேடையைப் பார்த்தார். அப்பா பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் இடைவேளையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"லாரி ஏறிட்டிருக்கு. ஸ்கேனர் நின்னா?"

"ஒரே ஒரு போன், அளவோட. நிக்காது."

"நின்னா?"

"என் தலை."

"உன் தலையை வச்சு நான் என்ன பண்ண" என்று முணுமுணுத்தார். "பண்ணு. இடைவேளைய அஞ்சு நிமிஷம் நீட்டச் சொல்றேன். அதுக்கு மேல எங்கிட்ட மணி இல்ல."

அவள் எழுதினாள். இந்தக் கைப்பேசியிலிருந்து வருவதும் இதற்குச் செல்வதும் குரலே எனக் கொள்க. விட்டாள். சோதித்தாள். மாற்றமில்லை. மறுபடி படித்தாள்.

களைத்த கை புதிய வரியைக் கீழே எழுதியிருந்தது. கருவி மேலிருந்துதான் படிக்கும். ‘படமெல்லாம் கடைசிக்கு' என்ற வரியை முதலில் கண்டால் அங்கேயே தீர்ப்பெழுதி, கீழுள்ளதைப் பாராமலே போய்விடும். சாத்திய கதவுக்குப் பின்னால் விரித்த கம்பளம் அது. அழித்தாள். அனைத்துக்கும் மேலே, தலைவரியாக, அதை வைத்தாள்.

ஸ்கேனர்கள் கூவிக்கொண்டே இருந்தன.

*

மேடையேறி அப்பாவின் தோளைத் தொட்டாள். அவர் திரும்ப நேரமாயிற்று.

"அணைச்சது அவ இல்ல" என்றாள் கையால். தன் காதுமடலை இழுத்துவிட்டாள். "நான்."

அவர் புருவம் சுருங்கியது. அவள் கண்ணாடி அறையைக் காட்டினாள். வரிசைகளைக் காட்டினாள். வாயால் பேசுவோரை முதலில் விட்டதையும், கையால் பேசுவதைக் கடைசியில் நிறுத்தியதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் கைகளும் மார்புக்குள் சுருங்கின.

அப்பா கண்ணாடி அறையை ஒருமுறை பார்த்தார். பிறகு அவர் கைகள் மெதுவாக எழுந்தன.

"அவ வாயால அடைச்சா. நீ விரலால அடைச்சே."



"ரெண்டு பேரும் ரொம்பக் கெட்டிக்காரிங்க" என்றன கைகள். அதில் சினம் இல்லை. நாளெல்லாம் சுமை தூக்கியவன் கடைசிச் சுமையையும் இறக்கி வைப்பதுபோன்ற ஓய்ச்சல் மட்டும் இருந்தது. "என்னை மட்டும் யாரும் கேக்கறதில்ல."

"இப்ப கேக்கறேன்ப்பா. கூப்பிடறீங்களா?"

அவர் நாடாச் சுருள்களைத் தேடினார். ஒன்று உருண்டு மேசைக்கடியில் போயிருந்தது, குனிந்து எடுத்தார். இரண்டையும் அடுக்கினார். கைப்பேசியைச் சாய்த்தார். துடைத்தார்.

அவள் கண்ணாடி அறைக்குள் சென்று முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

முன்னால் கருவிகளை மூடிய கருங்கண்ணாடிக் கதவு இருந்தது. அதில் மேடையின் விளக்கு தெரிந்தது. விளக்கின் கீழ் அப்பாவின் கைகள் தெரிந்தன. அவை அசைந்தன, நின்றன, காத்திருந்தன. திரை உறைந்து போனதால் நின்றவை அல்ல. மகள் சொல்வதைப் பார்ப்பதற்காக நின்றவை.

கண்ணை மூடியிருக்க வேண்டும். ஒரு கணம் பிந்திவிட்டாள். அந்த ஒரு கணத்தில் அப்பாவின் கைகள் கேட்டது கதவில் விழுந்தது.

"வேற யாருக்குத் தெரியும்?"

இமைகளை இறுக மூடிக்கொண்டாள்.

*

மரத்தளம் அதிர்ந்தபோது லாரி ஒன்று புறப்பட்டுப் போயிருந்தது. அப்பா கைப்பேசியைப் பைக்குள் போட்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. ஆனால் கைகள் மார்பை விட்டு வெளியே வந்திருந்தன.

"பேசி முடிச்சீங்களா?"

தலையசைத்தார்.

"அக்கா என்ன சொன்னா?"

அவர் விரல் கன்னத்தைத் தொட்டது. பெரியவள். பிறகு தம் மார்பைத் தொட்டது.

"எனக்குச் சொன்னா."

இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் கேட்டதும் சொன்னதும் ஏதாவதொரு மகளின் வழியாகவே போய் வந்தன. இன்று ஒரு பேச்சு அவரிடம் வந்து, அவரிடமே தங்கியது. அவள் மீண்டும் கேட்க வாயெடுத்து, கையெடுத்து, இரண்டையும் தாழ்த்தினாள்.

அப்பா நாடாச் சுருள்களை மேசையோரம் ஒதுக்கி வைத்தார். மேடையிலிருந்து இறங்கினார். நேரே மேலாளரிடம் நடந்தார்.

வழக்கமாக அவர் மேலாளரிடம் போகும் நாளில் முதலில் மகளைத் திரும்பிப் பார்ப்பார். இன்று பார்க்கவில்லை. மேலாளர் எதிரில் நின்றார். மணிக்கட்டைத் தட்டினார். பிறகு கைகளை அகல விரித்து, எவருக்கும் புரியும்படி மெல்ல மெல்லச் சொல்லத் தொடங்கினார்.

மேலாளருக்குப் பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. நெற்றியைச் சுருக்கினார். அவரும் கையை ஏதோ ஒரு மாதிரி அசைத்துப் பார்த்தார். பிறகு அப்பாவின் தோளுக்கு மேலாகக் கண்ணாடி அறையைப் பார்த்து, வந்து சொல்லேன் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

அவள் அவர் பார்வையைச் சந்தித்தாள். கால்கள் பழக்கத்தால் ஓரடி எடுத்து வைத்தன.

பிறகு அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.